இரண்டாவது ஊதலையும் பாருங்கள்

அமெரிக்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களின் காரில் இன்டர்லாக் என்ற மூச்சுச் சோதனைக் கருவியைப் பொருத்துகிறார்கள். ஊதி, 'பாஸ்' வந்தால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. குடித்தவன் சாவியைத் திருப்ப முடியாமல் போவது நல்லதுதான். என் சண்டை, ஒவ்வொரு ஊதலையும் குறித்துவைக்கும் அந்தக் கருவியின் பதிவில் முதல் தோல்வியை மட்டும் பார்த்து, குடித்தார் என்று முடிவு கட்டுகிறவர்களோடு.

கருவிக்குள் இருப்பது ஒரு ஃப்யூயல் செல். மூச்சில் வரும் ஆல்கஹால் பிளாட்டினத்தில் பட்டு வினைபுரிந்தால் மின்சாரம் உண்டாகும், அதைத்தான் அளக்கிறது. அந்த ஆல்கஹால் ரத்தத்திலிருந்து நுரையீரல் வழியாக வந்ததா, இப்போதுதான் கொப்பளித்த மவுத்வாஷிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. சில மவுத்வாஷில் 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உண்டு, பீரைவிடப் பல மடங்கு. கையில் சானிடைசர் தேய்த்த ஈரத்தோடு கருவியைப் பிடித்து ஊதினாலும் வம்புதான். பெரும்பாலும் ரத்த ஆல்கஹால் அளவு 0.02 சதவீதம் என்று காட்டினாலே வண்டி பூட்டிக்கொள்ளும்.

என் நண்பருக்குக் காலை ஏழரை மணிக்கு இது நடந்தது. மவுத்வாஷில் கொப்பளித்த கையோடு வந்து ஊதினார். நீளமாக ஒரு பீப், சிவப்பு விளக்கு, 'ஃபெயில்'. ஆபீசுக்கு நேரமாகிறதே என்று டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். அதுதான் வினையாகிவிட்டது. இப்போது பதிவில் தோல்வி மட்டும் இருக்கிறது, அதன் பின்னால் இரண்டாவது ஊதல் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ரத்தத்தில் ஏறிய ஆல்கஹால் மணிக்குச் சராசரியாக 0.015 அளவுதான் இறங்கும், கால் மணி நேரத்தில் 0.004 கூட இல்லை. வாயில் தங்கியதோ அதே கால் மணியில் போய்விடும். ஆக முதலில் 0.06, பதினைந்து நிமிடம் கழித்து 0.00 என்றால் அவர் குடிக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வாஷிங்டன் மாநிலச் சட்டம் இதை ஒப்புக்கொள்கிறது: பத்து நிமிடத்துக்குள் மறுபடி ஊதி அளவு 0.04-க்குக் கீழே வந்து, இரண்டு முறையும் ஊதியது ஒரே ஆள்தான் என்று கேமரா படமும் காட்டினால், முதல் தோல்வி மீறலாகாது. மற்ற மாநிலங்களும் இதை அப்படியே எழுதிக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

அதுவரை இன்டர்லாக் வைத்திருப்பவர்களுக்கு: 'ஃபெயில்' வந்தால் வண்டியை விட்டுப் போகாதீர்கள். தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள், கருவி மறுபடி கேட்டதும் ஊதுங்கள். அப்போதும் தோல்வி என்றால், அன்றைக்கே ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்து, நேரம் போட்ட ரிப்போர்ட்டை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.