லாரி யங்கைச் சொல்லாமல் ஜாஸ்-ராக் வரலாறு எழுதாதீர்கள்

ஜாஸ்-ராக் எப்படிப் பிறந்தது என்று யார் எழுதினாலும் கிதாரில் தொடங்கி கிதாரிலேயே முடித்துவிடுகிறார்கள். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினை நம் ஊரில் பலருக்கும் தெரியும். பின்னாளில் விக்கு விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் உசேனோடு 'சக்தி' குழுவில் வாசித்தவர். ஆனால் 1969இல் டிரம்மர் டோனி வில்லியம்ஸின் 'லைஃப்டைம்' குழுவில் மெக்லாக்லினோடு சேர்ந்து ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கன் வாசித்த லாரி யங்கை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? அந்தக் குழுவின் 'எமர்ஜென்சி!' இந்த மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கிய ஆல்பம். அதில் ஒருவரை மட்டும் பக்கவாத்தியமாக ஒதுக்கி வைப்பது எனக்கு ஆறவே இல்லை.

லாரி யங் 1940இல் நியூ ஜெர்சியின் நியூவர்க் நகரில் பிறந்தவர். அப்பாவும் ஆர்கன் வாசித்தவர். அந்தக் காலத்தில் ஜாஸ் ஆர்கன் என்றால் ஜிம்மி ஸ்மித்தான். புளூஸ் மணம், வேகமான ஓட்டம், கிளப்பையே ஆட வைக்கும் தாளம். யங்கும் அந்த வழியில்தான் வந்தார். 1960இல், இருபது வயது நிரம்பும் முன்பே, முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதே பாணியிலேயே இருந்திருந்தால் பிழைப்புக்குக் குறைவிருந்திருக்காது. அவருடைய காதோ சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பக்கம் போய்விட்டது.

அந்த மாற்றத்தை முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் 'யூனிட்டி' ஆல்பம்தான். 1965 நவம்பரில் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவானது. டிரம்பெட்டில் வுடி ஷா, டெனர் சாக்ஸில் ஜோ ஹெண்டர்சன், டிரம்ஸில் கோல்ட்ரேனிடம் வாசித்த எல்வின் ஜோன்ஸ். ஆர்கன் குழுக்களில் வழக்கமாக இருக்கும் கிதார் இதில் கிடையாது. பாஸ் வாசிக்கவும் தனி ஆள் இல்லை, அதையும் யங்கே பார்த்துக்கொள்கிறார். ஹேமண்ட் பி-3 ஆர்கனில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டிராபார் கட்டைகள் எல்லாவற்றையும் இழுத்துவிட்டு முழங்கினால் அரங்கமே அதிரும். யங் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. ஒலியை மெலிதாக்கி, நான்காம் சுர இடைவெளிகளை அடுக்கிக் கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) வைத்து, நடுவில் காலியிடம் விட்டார். 'மங்க்ஸ் ட்ரீம்' முழுக்க அவரும் எல்வினும் மட்டும்தான். வேறு யாராவது வேண்டும் என்று ஓர் இடத்திலும் எனக்குத் தோன்றியதில்லை.

லைஃப்டைமுக்கு வந்ததும் ஆளே மாறிவிடுகிறார். டோனி புயலாக அடிக்கிறார், மெக்லாக்லினின் கிதார் கிழித்துக்கொண்டு போகிறது. யங் அவர்களோடு வேகப்போட்டிக்குப் போவதில்லை. நீண்ட சுரங்களைப் பிடித்துவைக்கிறார், ஒலியைக் கரகரக்க விடுகிறார், திடீரென்று அமைதியாகிறார். அந்த இசைக்கு ஆழம் வருவது அங்கேதான். 'எமர்ஜென்சி!'யின் ஒலிப்பதிவு கலங்கலானது என்பது உண்மை. அந்தக் கலங்கலில் அதிகம் அமுங்கிப்போனதும் ஆர்கன்தான். அவர் பெயர் பின்னுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே 1969இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் புரூ' பதிவில் ஜோ ஜாவினுல், சிக் கொரியாவோடு எலெக்ட்ரிக் பியானோ வாசித்தார். அதே ஆண்டு ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடும் வாசித்தார். அந்தப் பதிவு வெளிவந்தது 1980இல். அப்போது இருவருமே உயிரோடு இல்லை. 1973இல் கிதார் கலைஞர் சாண்டானாவும் மெக்லாக்லினும் சேர்ந்து செய்த ஆல்பத்திலும் ஆர்கன் இவருடையதுதான். புதிதாக ஏதோ நடக்கிற இடத்திலெல்லாம் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதே 1973இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் நியூவர்க்' தாளவாத்தியக் கூட்டத்துக்கு நடுவே ஆர்கன் மிதக்கும் விசித்திரமான, அழகான ஆல்பம். அதற்குப் பிறகு வந்த 'ஃப்யூயல்', 'ஸ்பேஸ்பால்' இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஃபங்க் சந்தையை நோக்கிச் செய்தவை, அவருடைய காதுக்கு அங்கே வேலையே இல்லை. 1978 மார்ச்சில் நிமோனியாவோடு மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. வயது 37.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'யூனிட்டி'யில் தொடங்குங்கள். அவருடைய ஒலி காதில் பதிந்த பிறகு 'எமர்ஜென்சி!'க்கு வாருங்கள். ஹெட்ஃபோன் போட்டு, முதல் தடவையாவது கிதாரை விட்டுவிட்டு ஆர்கனை மட்டும் பின்தொடருங்கள்.