மாநிலமே ஒரு தொகுதியாக இருந்த கதை

தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நிலம். அத்தனைக்கும் நாடாளுமன்றக் கீழவையில் ஒரே ஒரு உறுப்பினர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் 1993 ஜனவரியிலிருந்து 2023 ஜனவரி வரை முப்பது வருடம் இப்படித்தான் இருந்தது. இன்று அந்தத் தொகுதி இல்லை. இரண்டு நாளாக அதன் கதையிலேயே மூழ்கிக் கிடக்கிறேன். தொகுதி எல்லை போடுவதெல்லாம் ஏதோ சர்வேயர் வேலை என்று நினைக்கிற நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

1889ல் மொன்டானா மாநிலமானபோது அதற்கு ஒரே இடம். 1913ல் இரண்டு இடம் கிடைத்தது. ஆனால் உடனே மாநிலத்தை இரண்டாக வெட்டவில்லை. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. மாநிலம் முழுக்க எண்ணி, முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் உறுப்பினர்கள். நம்மூரில் 1952லும் 1957லும் இருந்த இரட்டை உறுப்பினர் தொகுதிகளை நினைத்துக்கொள்ளுங்கள், தனித்தொகுதிக் கணக்கு மட்டும் இல்லாமல்.

இந்த ஏற்பாட்டில்தான் 1916ல் ஜெனட் ரேங்கின் ஜெயித்தார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் பெண். மொன்டானாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நாடு முழுக்க அது வர 1920 ஆனது. முதல் இடம் ஜனநாயகக் கட்சியின் ஜான் எவன்ஸுக்கு, இரண்டாவது இடம் குடியரசுக் கட்சிக்காரரான ரேங்கினுக்கு. ஒற்றை இடத்துக்கான போட்டியில் இரண்டாவதாக வருபவரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இங்கே அந்த இரண்டாம் இடம் சரித்திரமாகிவிட்டது.

1917 ஏப்ரல் 2ல் பதவியேற்றார். அன்று மாலையே ஜனாதிபதி வில்சன் ஜெர்மனி மீது போர் தொடுக்க அனுமதி கேட்டு அவைக்கு வந்துவிட்டார். நான்கு நாள் கழித்து வாக்கெடுப்பு: 373 பேர் ஆதரவு, 50 பேர் எதிர்ப்பு. அந்த ஐம்பதில் ரேங்கின் ஒருவர். மீதி 49 ஆண்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை, இவர் தலைதான் உருண்டது. அந்த ஜூனில் பியூட் நகரச் செப்புச் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். ரேங்கின் தொழிலாளர்கள் பக்கம் நின்றார். மாநிலத்தையே ஆட்டிவைத்த அனகோண்டா செப்புக் கம்பெனிக்கு அது பிடிக்குமா?

இதே 1917ல் மாநில சட்டமன்றம் மொன்டானாவை மேற்கு, கிழக்கு என்று இரண்டு தொகுதிகளாகப் பிரித்தது. ரேங்கின் வீடு இருந்த மேற்குப் பகுதி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. உள்நோக்கம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவர் ஜெயித்த தொகுதியே அடுத்த தேர்தலில் இல்லை. வேறு வழியில்லாமல் 1918ல் செனட் சபைக்குக் குறி வைத்தார். கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் தோற்றார், பிறகு வேறொரு சிறிய கட்சியின் சார்பில் நின்றும் தோற்றார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 22 வருடம் கழித்து, 1940ல், அதே மேற்குத் தொகுதியில் நின்று ஜெயித்தார். 1941 டிசம்பர் 8. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், ஜப்பான் மீது போர் அறிவிக்கும் தீர்மானம். ஆதரவு 388, எதிர்ப்பு 1. அந்த ஒன்று யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்தவர், சூழ்ந்துகொண்ட கூட்டத்துக்குத் தப்பி ஒரு டெலிபோன் பூத்துக்குள் புகுந்துகொள்ள, போலீஸ் வந்துதான் அழைத்துப் போனது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. பின்னாளில் காந்தியின் வழியைத் தெரிந்துகொள்ள இந்தியாவுக்கு ஏழு தடவை வந்திருக்கிறார் என்பது உபரித் தகவல்.

சரி, தொகுதிக்கு வருவோம். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொன்டானாவின் கணக்கு 8,03,655. கீழவையில் மொத்தம் 435 இடம்தான், கூட்ட மாட்டார்கள். மற்ற மாநிலங்கள் வேகமாக வளர்ந்ததால் மொன்டானாவின் இரண்டில் ஒன்று போயிற்று. (மக்கள்தொகைக் கணக்கில் இடம் இழப்பது நமக்கும் தெரிந்த வலிதான். 1967ல் தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 41லிருந்து 39 ஆயின.) மொன்டானா சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தும்விட்டது. 1992ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தலைகீழாக்கியது. எந்தக் கணக்குமுறையில் பங்கிட்டாலும் ஏதோ ஒரு மாநிலத்துக்குக் குறையும், எந்த முறை என்று முடிவு செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

விளைவு, பதவியில் இருந்த இரண்டு உறுப்பினர்களும் ஒரே நாற்காலிக்கு மோத வேண்டியதாயிற்று. மேற்கின் பாட் வில்லியம்ஸ் தொழிற்சங்க ஆதரவுள்ள ஜனநாயகக் கட்சிக்காரர். கிழக்கின் ரான் மார்லனி பண்ணை விவசாயிகளின் குடியரசுக் கட்சிக்காரர். சுரங்கமும் மேய்ச்சல் நிலமும் நேருக்கு நேர். வில்லியம்ஸ் மயிரிழையில் ஜெயித்தார். 1997ல் அவர் ஓய்வு பெற்ற பிறகு தொகுதி ஒழியும்வரை குடியரசுக் கட்சிதான்: ஹில், ரேபர்க், டெய்ன்ஸ், ஜிங்கி, ஜியான்ஃபோர்ட்டே, ரோசன்டேல். மேற்கில் கணிசமான ஓட்டு வாங்கிய ஜனநாயகக் கட்சிக்குக் கீழவையில் ஒரு குரல்கூட இல்லை.

ஜியான்ஃபோர்ட்டேயை மட்டும் தாண்டிப் போக மனம் வரவில்லை. 2017 இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள், கேள்வி கேட்ட நிருபரைத் தூக்கித் தரையில் அடித்தார். மறுநாள் ஜெயித்தார். பெரும்பகுதி ஓட்டு முன்கூட்டியே தபாலில் போய்விட்டிருந்தது. பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இன்று மாநில ஆளுநர்.

என்னை உறுத்துவது அவர்கள் கட்சி இல்லை, கணக்குதான். 2010ல் மொன்டானாவின் 9,89,415 பேருக்கு ஒரு உறுப்பினர். கையகல மாநிலமான ரோட் ஐலண்டின் 10,52,567 பேருக்கு இரண்டு. அறுபத்து மூவாயிரம் பேர் வித்தியாசத்துக்கு ஒரு முழு நாற்காலி! 435 என்ற எண்ணை 1910ன் கணக்கெடுப்பை வைத்து நிர்ணயித்தார்கள். அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 9 கோடி, 2020ல் 33 கோடி. எண் இன்றும் அதேதான். குறுகலான பெஞ்சில் ஒருவர் உட்கார இன்னொருவரைத் தள்ளிவிட வேண்டும் என்றால், கோளாறு பெஞ்சில் இருக்கிறது என்பேன் நான்.

2020 கணக்கெடுப்பில் மொன்டானா 10 லட்சத்தைத் தாண்ட, போன இடம் திரும்ப வந்தது. மறுபடியும் மேற்கு, கிழக்கு. மிசூலா, பியூட், போஸ்மன் எல்லாம் மேற்கில். 2022ல் அங்கே குடியரசுக் கட்சி சார்பில் நின்றவர் பழைய ஜிங்கிதான். எதிரில் மோனிகா டிரேனல் என்ற வழக்கறிஞர். ஏறக்குறைய மூன்று சதவீதத்தில் தோற்றார். 2024லும் நின்றார், தோற்றார். 1940க்குப் பிறகு மொன்டானாவிலிருந்து இன்னொரு பெண் இன்னும் நாடாளுமன்றம் போகவில்லை.