சேவை கிடைக்காதவர்கள்: 0

ஜூலை 30, இரவு பதினோரு மணி. கணினித் திரையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதன் தலைப்பு ‘சேவை கிடைக்காதவர்கள்’. போனின் அந்தப் பக்கம் இருந்தவர், “பூஜ்யம் போடு” என்றார்.

“ஆன்ட்டி, நிஜமாகவே பூஜ்யமா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “போடும்மா. அடுத்த வருஷமும் இந்த ஆபீஸ் திறந்திருக்க வேண்டாமா?” என்றார்.

அந்தக் கட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்ப்பது கிராண்ட் கணக்கு வேலை. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் வாங்கும் அரசு நிதிக்குக் கணக்கு எழுதி, அறிக்கை தயாரித்துக் கொடுப்பது. அந்தப் பழக்கத்தில், ஓர் அமெரிக்கப் பழங்குடிச் சமூகம் நடத்தும் சின்னக் குடும்ப வன்முறை உதவி மையத்துக்கு அறிக்கை நேரத்தில் மட்டும் சம்பளமில்லாமல் கை கொடுக்கிறேன். எந்தப் பழங்குடி, எந்த மாநிலம் என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகப் புரியும். இன்பாக்ஸில் வந்தும் கேட்காதீர்கள்.

போவதற்கு முன் சில சொற்கள். ரிசர்வேஷன் என்றால் இங்கே இடஒதுக்கீடு அல்ல, பழங்குடிகளுக்கென்று மிச்சம் விடப்பட்ட நிலம். அட்வகேட் என்றால் வக்கீல் அல்ல. அடிபட்ட பெண்ணோடு ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போய், நள்ளிரவில் போன் எடுத்து, கூடவே நிற்கிறவர். நான் சொல்லும் ஆன்ட்டி அப்படி ஓர் அட்வகேட். அந்த ‘ஆன்ட்டி’யும் நம்மூர் கிண்டல் ஆன்ட்டி இல்லை. ஊர் மதிக்கும் பெரிய மனுஷியை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இந்த மையங்களுக்குப் பணம் முக்கியமாக இரண்டு வாசல் வழியே வருகிறது. ஒன்று மத்திய அரசின் நீதித்துறையில் பெண்கள் மீதான வன்முறைக்கென்று இருக்கும் அலுவலகம். 1994-இல் வந்த சட்டத்தின் வழியே அது நிதி தருகிறது. பெரும்பாலும் போட்டி போட்டு வாங்க வேண்டிய நிதி. சில வருடம் ஓடும், முடிந்தால் மறுபடி விண்ணப்பம். இன்னொன்று சுகாதாரத் துறை வழியே வரும் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிதி. அதில் குறைந்தது 10 சதவீதம் பழங்குடிகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் வாசலுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கை: ஜனவரி முதல் ஜூன் வரைக்கான கணக்கு ஜூலை 30-க்குள், மிச்சம் அடுத்த ஜனவரி 30-க்குள். இரண்டாவது வாசலுக்கு ஆண்டுக்கு ஒரு அறிக்கை. தலைப்புகள் வேறு, எண்ணும் விதமும் வேறு. பெரிய நகரத்து நிறுவனத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். ஆன்ட்டியின் ஆபீஸில் போன் எடுப்பவரும், கார் ஓட்டுபவரும், படிவம் நிரப்புபவரும் ஆன்ட்டிதான்.

அவரிடம் ஒரு ஸ்பைரல் நோட்டு உண்டு. பெயர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு குறி: ஒரு இலை, ஒரு மீன், பாதி நிலா. பக்கத்தில் நான்கு கோடு, குறுக்கே ஒன்று என்று ஐந்தைந்தாகக் கோடுகள். நான் எக்ஸெல் செய்து கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். இன்றுவரை திறக்கவில்லை.

சரி, அந்த நோட்டிலிருந்து படிவத்துக்குப் போகும்போது என்ன நடக்கிறது?

மீன் குறி போட்ட பெண்ணுக்குப் பாதுகாப்பு ஆணை வாங்க வேண்டும். கோர்ட் போக வர 180 மைல், பனிக்காலம். ஆன்ட்டி விடியற்காலை கிளம்பி, அந்தப் பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போனார். எதிராளிக்கு நோட்டீஸ் போய்ச் சேரவில்லை என்று வழக்கைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே 180 மைல். மூன்றாவது முறைதான் கையில் காகிதம் கிடைத்தது. படிவத்தில் இது எப்படி ஏறும் தெரியுமா? போக்குவரத்து: 1. ஒரு சேவைக்கு ஒருவரை ஒரு முறைதான் எண்ண வேண்டும் என்பது விதி. “மூணு தடவை போனேனே!” என்றார் ஆன்ட்டி. “விதி அப்படி, ஆன்ட்டி.” “540 மைல் ஓட்டினது நான், விதி இல்லை.”

விதியில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆளைப் பத்து தடவை எண்ணி, பத்துப் பேருக்கு உதவினோம் என்று காட்டிவிடக் கூடாது. கணக்கு வேலையில் இருக்கும் எனக்கு அது புரியாமல் இல்லை. வரிப்பணம் போகிற இடத்தில் ஆடிட் வரத்தான் வேண்டும். ஆனால் நகரத்தில் இரண்டு தெரு தள்ளிக் கூட்டிப்போவதும் 1, மலையும் பனியும் தாண்டி மூன்று முறை கூட்டிப்போவதும் 1 என்றால், எங்கே வேலை கடினமோ அங்கேதான் ஒன்றும் நடக்காதது போல் தெரியும்.

இன்னொரு பெண், பாதி நிலா. வாரா வாரம் மணி கோர்க்கும் வகுப்புக்கு வருவார். காபி குடிப்பார், கம்மல் கோர்ப்பார், கிளம்பிவிடுவார். மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆன்ட்டியும் கேட்கவில்லை. ஒரு நாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “ராத்திரி போன் பண்ணினா எடுப்பீங்களா?” என்று மட்டும் கேட்டார். அந்த மூன்று மாதத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? அவர் எந்தச் சேவையும் கேட்கவில்லை. கேட்காதவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. என்னைக் கேட்டால் அந்த மையத்தில் நடந்த மிக நல்ல வேலை அந்த மூன்று மாதம்தான்.

இப்போது ஊர் பெயரை ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன்.

2005-இல் அந்த 1994 சட்டத்தைப் புதுப்பித்தபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். உதவி தேடி வந்தவரின் அடையாளத்தை, அவர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்காமல் யாரிடமும் சொல்லக் கூடாது, மொத்த எண்ணிக்கையை மட்டும் தரலாம் என்று எழுதி வைத்தார்கள். பெருநகரத்தில் அது போதும். சில நூறு பேர் இருக்கும் ஊரில்? படிவம் வயது கேட்கிறது: 25 முதல் 59 வரை எத்தனை பேர், 60-க்கு மேல் எத்தனை பேர். தாக்கியவர் என்ன உறவு என்று கேட்கிறது. மாற்றுத்திறனாளியா என்று கேட்கிறது. 60-க்கு மேல் 1, தாக்கியவர் குடும்பத்தில் வேறொருவர், மாற்றுத்திறனாளி 1. இதில் பெயர் எங்கே இருக்கிறது? ஆனால் அந்த ஊர்க்காரர் யாரிடம் காட்டினாலும் மூன்று வினாடியில் பெயரைச் சொல்லிவிடுவார்.

வாஷிங்டனில் இருப்பவருக்கு அந்த 1 ஓர் எண். நாடு முழுவதிலிருந்தும் வரும் அறிக்கைகளை மெய்ன் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கூட்டித் தொகுக்கிறார்கள், அங்கே அந்த 1 கரைந்துவிடும். ஊருக்குள்தான் பிரச்சினை. “மையம் என்ன செய்கிறது, எண்ணிக்கையைக் காட்டு” என்று பழங்குடிக் கவுன்சிலும் கேட்கும். கேட்பது அவர்கள் உரிமை, அது அவர்கள் அரசு. ஆனால் கவுன்சில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் அடித்தவனின் மாமாவாக இருக்கலாம். அதனால் ஆன்ட்டி கவுன்சிலுக்கு ஒரே ஒரு மொத்த எண்ணைத்தான் கொடுப்பார். “பிரித்துக் காட்டுங்கள்” என்றால், “பிரித்தால் நாளைக்கு யாரும் என் கதவைத் தட்ட மாட்டார்கள்” என்பார். அந்த இடத்தில் நான் ஆன்ட்டி பக்கம். துல்லியமான அறிக்கைக்கும் ஒரு பெண்ணின் ரகசியத்துக்கும் இடையில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், அறிக்கை மொட்டையாகவே போகட்டும்.

ஆனால் அந்தப் பூஜ்யத்தில் நான் அவர் பக்கம் இல்லை. அதுதான் அன்றிரவு எங்கள் சண்டை.

படிவம் மூன்று வகையாகப் பிரிக்கிறது: கேட்டது கிடைத்தவர்கள், கொஞ்சம் கிடைத்தவர்கள், ஒன்றுமே கிடைக்காதவர்கள். மூன்றாவதில் எண் போட்டால் காரணமும் சொல்ல வேண்டும். நிதி கொடுத்தவர் அதைப் பார்த்து, “இவர்களுக்குத் திறமை போதாது” என்று நினைத்துவிடுவாரோ, அடுத்த விண்ணப்பத்தில் அடிபட்டுவிடுமோ என்ற பயம் எல்லா மையத்திலும் உண்டு. பல அறிக்கைகள் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கட்டம் பெரும்பாலும் பொய் சொல்கிறது. பொய் சொல்ல வைப்பது ஆன்ட்டிகள் அல்ல. பணம் நின்றுபோகும் என்ற பயத்தை முன்னால் வைத்துக்கொண்டு உண்மையைக் கேட்டால் இதுதான் வரும்.

தேவை எவ்வளவு என்பது ஊரறிந்தது. தேசிய நீதி ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கப் பழங்குடிப் பெண்களிலும் அலாஸ்கா பூர்வகுடிப் பெண்களிலும் 84 சதவீதத்தினர் வாழ்நாளில் ஏதோ ஒரு வன்முறையைச் சந்தித்தவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள், அவர்களில் 96 சதவீதத்தினருக்கு அதைச் செய்தவர்களில் பழங்குடியல்லாத ஒருவராவது உண்டு.

இந்த 96 ஏன் முக்கியம் என்றால், 1978-இல் ஆலிஃபன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடி நீதிமன்றங்கள் பழங்குடியல்லாதவரைக் குற்றவியல் வழக்கில் விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அவர்கள் நிலத்தில், அவர்கள் வீட்டில், அவர்கள் பெண்ணை அடித்தாலும் அதே கதைதான். பல இடங்களில் மத்திய அரசு வழக்கறிஞர்தான் வழக்குப் போட வேண்டும். அவர்கள் போட்டார்களா? நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2010-இல் பார்த்தது. 2005 முதல் 2009 வரை பழங்குடி நிலங்களிலிருந்து வந்த வழக்குகளில் பாதியை அவர்கள் எடுக்கவே இல்லை. பாலியல் குற்றங்களில் 67 சதவீதம். அதே 2010-இல் வந்த ஒரு சட்டம், எத்தனை வழக்கை எடுக்கவில்லை, ஏன் என்று நீதித்துறை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்றது. கவனியுங்கள், அங்கே அறிக்கையின் திசையே மாறுகிறது. ‘நாங்கள் செய்யாமல் விட்டது’ என்ற கட்டத்தை இந்த முறை அரசே நிரப்ப வேண்டும்!

ஆன்ட்டியிடம் நான் சொன்னது அதற்கு அடுத்த கதை. 2013-இல் அந்த 1994 சட்டத்தைத் திருத்தி, குடும்ப வன்முறை வழக்குகளில் மட்டும் பழங்குடியல்லாதவரையும் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். அரிசோனாவின் பாஸ்குவா யாக்கி, வாஷிங்டன் மாநிலத்தின் டுலாலிப், ஒரிகானின் யூமடில்லா ஆகிய மூன்று பழங்குடிச் சமூகங்களும் 2014-இல் முதலில் ஆரம்பித்தன. ஐந்து வருடம் ஆனதும், பழங்குடிகளின் கூட்டமைப்பான அமெரிக்க இந்தியர்களின் தேசிய காங்கிரஸ் 2018-இல் ஓர் அறிக்கை போட்டது. 18 பழங்குடிச் சமூகங்கள், 143 கைது, 74 தண்டனை. சாதனைப் பட்டியலாக அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. அந்தச் சம்பவங்களில் 58 சதவீதத்தில் குழந்தைகளும் மாட்டியிருந்தார்கள், குழந்தைக்கு நடந்ததை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்பதையும் எண்ணி எழுதினார்கள். தங்களால் முடியாததைக் கணக்கெடுத்துப் போட்டார்கள். 2022 மார்ச்சில் அந்தச் சட்டத்தை மறுபடி புதுப்பித்தபோது குழந்தைகள் மீதான வன்முறை சேர்ந்திருந்தது. பாலியல் வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, கைது செய்யப் போகும் பழங்குடி போலீஸைத் தாக்குவது எல்லாமே சேர்ந்திருந்தன.

“அவங்க பூஜ்யம் போட்டிருந்தா இது வந்திருக்குமா ஆன்ட்டி?” என்று கேட்டேன்.

“அவங்ககிட்ட வக்கீல் இருக்காங்க. என்கிட்ட நீதான் இருக்கே” என்றார். சிரித்தாரா திட்டினாரா என்று இன்னும் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எண் போட்டுவிட்டு நான் என் வேலைக்குப் போய்விடுவேன். நிதி நின்றால் கதவைப் பூட்ட வேண்டியவர் அவர்தான். தைரியமாக இருங்கள் என்று வெளியாள் சொல்வது சுலபம். அதனால் இந்தப் பதிவு ஆன்ட்டிகளுக்கு இல்லை. நிதி கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களும் உண்டு, அறக்கட்டளைகளில், அரசு அலுவலகங்களில். நீங்கள் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். மூன்றாவது கட்டத்தில் எண் இருக்கும் அறிக்கையை முதலில் எடுத்துப் படியுங்கள். அங்கே போன் அடித்து, “என்ன தேவை?” என்று கேளுங்கள். எல்லாக் கட்டமும் அழகாக நிரம்பி, மூன்றாவதில் மட்டும் பூஜ்யம் இருந்தால் அங்கேயும் அடியுங்கள். ஜூலை படிவத்தில் ‘இன்னும் தீராத முக்கியத் தேவைகள் என்ன’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. படிவத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி அது. ஆன்ட்டி அதற்கு ஒரு முறை எழுதிய பதில்: “காரும், நாய்களை விட்டுவைக்க ஓர் இடமும்.” நாயை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அடி வாங்கிக்கொண்டே இருந்துவிட்ட பெண்கள் உண்டு. அந்தக் கேள்வி இல்லையென்றால் இது எனக்கே தெரிந்திருக்காது.

அன்றிரவு பதினொன்றரை இருக்கும். போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி அவர் இன்னொரு கணக்கு வைத்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள், கார் பழுதாகிக் கிடந்த வாரத்தில் போன் செய்தவர்கள். ஆன்ட்டி தன் மொழியில் மெல்ல எண்ண ஆரம்பித்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. எவ்வளவு நேரம் எண்ணுகிறார் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணி முடித்து ஆங்கிலத்தில் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘கொள்ளளவு நிரம்பிவிட்டது’, ‘போக்குவரத்து’ இரண்டையும் டிக் செய்தோம். 11.52-க்கு அனுப்பினோம்.