அவன், அவள், மாது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் நடக்கிற ஒரு காதல் கதை. ஒருத்திக்கு, கௌரி என்று வைத்துக்கொள்வோம், ஆண், பெண் இருவர் மீதும் ஈர்ப்பு வரும். இன்னொருவருக்குத் தன் பாலினம் ஒரே இடத்தில் நிற்காது. இதை எழுத முயல்கிறவர்கள் கடைசியில் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "தமிழ்ல விகுதி விடாதுங்க. வந்தான்னா வந்தான், வந்தாள்னா வந்தாள்." இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழில் பால் காட்டாத இடங்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பார்த்து எழுதுகிறவர்கள்தான் குறைவு.

முதலில், பாலினம் ஒரே இடத்தில் நிற்காத அந்தப் பாத்திரத்துக்குப் பெயர். நகரத்துப் புதுப்பெயர் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். இந்த வட்டாரத்திலேயே மாது இருக்கிறது. மாதேஸ்வரன் பேரில் பையனுக்கு மாது, மாதம்மாளைச் சுருக்கினாலும் மாது. ஏட்டுத் தமிழில் மாது என்றால் பெண். ஊரே வைத்த பெயர் இது. கதாபாத்திரம் அதை மாற்றிக்கொள்ளத் தேவையே இல்லை.

அடுத்து வினைச்சொல். தன்மையிலும் முன்னிலையிலும் பால் கிடையாது: வந்தேன், வந்தாய். ஆகவே கடிதம், தொலைபேசிப் பேச்சு, இருவரும் நேருக்கு நேர் பேசும் காட்சி எல்லாம் தாராளமாக ஓடும். படர்க்கையிலும் 'இல்லை' என்று முடியும் எதிர்மறைக்குப் பால் இல்லை: மாது வரவில்லை, சொல்லவில்லை. எச்சங்களுக்கும் இல்லை: மாது வந்ததும், மாது சொன்ன சொல். எல்லாவற்றையும்விட முக்கியமானவை மனசின் வினைகள். மாதுவுக்குப் பிடிக்கும், தெரியும், வேண்டும், வலிக்கிறது. காதல் கதைக்கு அதிகம் தேவைப்படுகிற சொற்களே விகுதியில் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

ஆனால் முழுக் கதையையும் எச்சத்திலேயே ஓட்டினால் மூச்சு முட்டும். எழுதுபவர் எதையோ ஒளிக்கிறார் என்று வாசிப்பவர் விடுகதை அவிழ்க்கத் தொடங்கிவிடுவார். அதனால் மாதுவின் மனநிலைக்கேற்ப சில காட்சிகளில் வந்தான், சிலவற்றில் வந்தாள் என்றே எழுதுங்கள். மாற்றம் காட்சி முடிகிற இடத்தில் மட்டும் நடக்கட்டும். பத்தி நடுவே மாற்றினால் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள். முதல் மாற்றம் கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். பாதிக் கதை கழித்து வந்தால் அது திடுக்கிடும் திருப்பமாகிவிடும், மாது ஒரு ரகசியமாகிவிடும். சேலை கட்டினால் வந்தாள், சட்டை போட்டால் வந்தான் என்ற கணக்கும் வேண்டாம். சட்டை போட்டிருக்கிற நாளிலும் மாது தன்னைப் பெண்ணாக உணரலாம்.

'அவர்' எழுத்தில் பொது. பேச்சில் 'அவரு' ஆணாகிவிடும். 'அவங்க' பொது, ஆனால் காதலிக்கிறவர் வாயில் வந்தால் தூரமாக ஒலிக்கும். 'அது' என்று கதைசொல்லி ஒருபோதும் எழுதக் கூடாது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பேடி போன்ற பழஞ்சொற்களை உயர்திணை முடிபோடுதான் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே விதித்திருக்கிறது. அஃறிணைக்குத் தள்ளியது இலக்கணம் இல்லை, நாம்தான். அதே நேரம் "புள்ள வந்துச்சு" என்று ஆயா சொன்னால் அது வசவு இல்லை, பாசம். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீடாக இருந்தால் பெண்ணுக்கும் பொருளுக்கும் 'வச்சிந்தி' ஒன்றேதான். யார் வாயில், எந்தக் குரலில் என்று பார்த்து எழுத வேண்டும்.

முன்னிலையில் பால் நுழைகிற இடம் டா, டி. இந்தக் கதையின் மிக நெருக்கமான காட்சியை அங்கே வைக்கலாம். இன்றைக்கு எப்படிக் கூப்பிடட்டும் என்று கௌரி கேட்பதே போதும். இரண்டும் ஒட்டாத நாளைக்குக் 'கண்ணு' இருக்கிறது.

இனி கௌரி. அதிகம் சறுக்குவது இவளிடம்தான். ஒருபால் காதல் கதை ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் அது இவள் கதை ஆகாது. இவளுடைய ஈர்ப்பையே வீட்டார் ஆயுதமாக்குவார்கள்: "பையனையும் புடிக்கும்தானே? அப்ப மாமனையே கட்டிக்க." தாய்மாமன் முறை உயிரோடு இருக்கிற ஊரில் இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்வது கடினம். கதையின் முடிச்சு இங்கே இருக்கட்டும். அவள் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்று முக்கோணம் போடாதீர்கள். மாதுவோடு சேர்ந்த பிறகும், முன்பு அவள் நேசித்த பெண் நினைவில் வரும்போது, மாதுவுக்குக் கொடுத்த அதே அளவு வாசனையும் தொடுதலும் அந்தப் பெண்ணுக்கும் இருக்க வேண்டும். ஒரு வரியில் கடந்துவிட்டால் அது 'அறியா வயசு' ஆகிவிடும். ஏமாற்றுகிற பாத்திரமாகவும் அவளை ஆக்க வேண்டாம். இருவர் மீதும் ஈர்ப்பு வரும் என்பதற்கு ஒரே நேரத்தில் இருவர் வேண்டும் என்று அர்த்தமில்லை.

மாதுவைத் திருநங்கையர் விழா நடக்கும் கூவாகத்துக்கு ஒரு அத்தியாயம் அனுப்பிவைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். இங்கேயே திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து இருக்கிறது. விராட பருவத்தில் அர்ச்சுனன் பிருகன்னளையாக உத்தரைக்கு ஆட்டம் கற்றுக்கொடுப்பதை ஊர் விடிய விடியப் பார்க்கிறது. அரிதாரம் பூசி, சவுரி வைத்துப் பெண்வேடம் கட்டும் ஆணை அண்ணா என்றே ஊர் கூப்பிடும். அவரும் மாதுவைப் போலப் பாலின நெகிழ்வுள்ளவர் என்று எழுதிவிடக் கூடாது. வேடம் காலையில் கலைந்துவிடும், மாதுவுக்குக் கலைக்க எதுவுமில்லை. அந்த விடியற்காலையை எழுதுங்கள்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முடிவு செய்யாமல் காவல் நிலையக் காட்சி எழுத வேண்டாம். 2018 செப்டம்பர் 6-க்குப் பிறகு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவைக் காட்டி வயது வந்தவர்களின் சம்மத உறவை மிரட்டினால் அது சட்டமில்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது: பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தாலும், இருவரும் விருப்பத்தோடு சேர்ந்திருக்கும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால் துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும். மாதுவின் சான்றிதழில் ஆண் என்றும் கௌரிக்குப் பெண் என்றும் இருந்தால், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதியலாம்: ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18, மூன்று சாட்சிகள். அதற்கு முன் 30 நாள் அறிவிப்பு அலுவலகச் சுவரில் தொங்கும். உறவுக்காரர் யாராவது பார்த்துவிடுவார் என்ற அந்த முப்பது நாள் ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும். 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம் காலனி என்ற தலித் குடியிருப்பு எரிக்கப்பட்டது இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான். சாதியைச் சொல்லாமல் இங்கே காதல் கதை எழுதினால் அது பொய்.

இருபாலீர்ப்பு, பாலின நெகிழ்வு போன்ற சொற்கள் இந்தப் பதிவில் இருக்கட்டும். பாலக்கோடு பேருந்து நிலையத்தில் நிற்கிற கௌரி அப்படிப் பேச மாட்டாள். "எனக்கு ரெண்டு பேரையும் புடிக்கும்" என்பாள்.

கடைசியாக மாதுவின் அம்மா. ஏற்றுக்கொண்டேன் என்று அழுது கட்டிப்பிடிக்கும் காட்சி வேண்டாம். முதல் அத்தியாயத்தில் ஓசூரிலிருந்து சனிக்கிழமை வண்டி வரும் நேரத்துக்கு, அடுப்படியிலிருந்து "மாது வந்துட்டானா?" என்று கேட்கட்டும். இடையில் எவ்வளவு சண்டை வேண்டுமானாலும் நடக்கட்டும். கடைசி அத்தியாயத்தில் அதே வண்டி, அதே அடுப்படி. "மாது வந்தாச்சா? சாப்பிட்டாச்சா?"