டெக் அல்ல, பிஸ்டனைப் பாருங்கள்

சுபாரு எஸ்டிஐ காரின் ஈஜே257 டர்போ எஞ்சினைப் பலப்படுத்த க்ளோஸ்டு டெக் பிளாக்தான் (சிலிண்டர்களைச் சுற்றி மேல்பக்கம் மூடிய எஞ்சின் உடல்) வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. 400 குதிரைத்திறனுக்குள் அன்றாடம் சாலையில் ஓட்ட செமி க்ளோஸ்டே (பாதி மூடியது) போதும். இதில் முதலில் உடைவது பிஸ்டனின் ரிங் லேண்ட், அதாவது ரிங்குகளுக்கு இடையிலுள்ள விளிம்பு. கம்பெனி வார்ப்பு பிஸ்டன் நாக்கிங்கை (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதை) தாங்காது. ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போடுங்கள். அதற்கான இரு அலுமினிய அலாய்களில் 4032-இல் சிலிக்கான் அதிகம், சூட்டில் குறைவாக விரியும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளியை நெருக்கமாக வைக்கலாம், குளிர்ந்த எஞ்சினில் தடதடக்காது. 2618 அடி தாங்கும், ஆனால் இடைவெளி கூடுதலாகக் கேட்கும். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 99.5 மி.மீ. என்பதால் மேல் ரிங்கின் வாய் இடைவெளி சுமார் 0.5 மி.மீ. இருக்கட்டும்; குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி லேண்டையே பிய்த்துவிடும். பழைய எஞ்சின் பேரிங் போய் நின்றிருந்தால் ஆயில் கூலரைக் கழுவிப் போடவே வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். உள்ளே தங்கிய உலோகத்தூள் புது பேரிங்கையும் தின்றுவிடும்.