உள்ளங்கால் எரிச்சலுக்கு உடல் சூடுதான் காரணமா?

"உள்ளங்கால் எரிவது உடல் சூட்டினால்தான், இரவில் வெந்நீரில் காலை ஊறவைத்து விளக்கெண்ணெய் தடவினால் போதும், மாத்திரை வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. சூட்டைத் தணிக்க வெந்நீரா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். எரிகிறது என்று சொல்பவரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் பல நேரங்களில் அது சூடாகவே இருப்பதில்லை. ஏனெனில் வலியையும் வெப்பத்தையும் மூளைக்குத் தெரிவிக்கும் மெல்லிய நரம்பிழைகள் பழுதுபடும்போது, அவை வெளித்தூண்டல் இல்லாமலே அனுப்பும் சமிக்ஞைகள்தாம் எரிச்சலாக உணரப்படுகின்றன.

இதற்கு முதன்மைக் காரணம் சர்க்கரை நோய். அதற்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் எரிச்சல் வரலாம். மதுப்பழக்கம், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு குறைபாடு, விரலிடுக்குப் பூஞ்சைத் தொற்று ஆகியவையும் காரணமாகலாம்.

விளக்கெண்ணெய் வறண்ட தோலை மென்மையாக்குமே தவிர நரம்பைச் சீராக்காது. வெந்நீர்தான் உண்மையான ஆபத்து: நரம்பு பழுதுபட்டு உணர்வு மரத்த பாதத்துக்குச் சூட்டின் அளவு தெரியாமல் போவதால், கொப்புளம் எழுந்து ஆறாத புண்ணாக மாறிவிடக்கூடும்.

சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் அளவுகளை இரத்தப் பரிசோதனையில் பார்த்து, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தின் உணர்வையும் மருத்துவர் சோதிப்பார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், குறைபாடு இருந்தால் பி12 கொடுப்பதும் காரணத்துக்கான சிகிச்சை. ப்ரீகாபலின், டுலாக்செட்டின் போன்ற மருந்துகள் வலியைக் குறைப்பவை மட்டுமே, காரணத்தைச் சரிசெய்யாதவை என்பதால், பிறருக்கு எழுதிய சீட்டைக் காட்டி அவற்றை வாங்கக் கூடாது.