சர்க்கரை நோயும் மாரடைப்பும்: வைட்டமின் ஈ பற்றி ஒரு திருத்தம்

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ஒரு வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் போட்டால் மாரடைப்பு வராது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் அது சரியில்லை.

இதையே நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு, பெயர் ஹோப். இதய நோயோ, கூடுதல் ஆபத்துக் காரணியுடன் சர்க்கரையோ உள்ள, 55 வயதோ அதற்கு மேலோ ஆன 9,500-க்கும் மேற்பட்டவர்கள். பாதிப்பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, மீதிப்பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. சராசரியாக நாலரை வருடம் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதய, ரத்தநாள நோயால் மரணம் நேர்ந்தவர்கள் வைட்டமின் குழுவில் 16.2 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 15.5. அதாவது பலனே இல்லை. (பச்சைக் கேப்ஸ்யூல் கடையில் சீட்டில்லாமல் கிடைப்பதால்தான் இந்த நம்பிக்கை நிற்கிறதோ என்னவோ!)

நீங்களே பார்க்கலாம்: மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஹோப், வைட்டமின் ஈ, 2000 என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் சுருக்கம் இலவசம். இந்த எண்கள் அதிலேயே இருக்கின்றன. டாக்டர் வேறு காரணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால், நிறுத்தும்முன் அவரிடம் கேளுங்கள்.